நாலு போத்தல் தண்ணீர்

1977 டிசம்பர், திருவெம்பாவை நாள்கள். திருகோணமலைக்கு வீடு பார்க்கப் போயிருந்த அப்பா இரவு மெயிலில் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிட்டார். தோளில் துணிப்பை, கையில் ஒரு பன்பை. பன்பையைப் பச்சைக் குழந்தையை வைப்பதுபோல மெதுவாகத் தரையில் வைத்தார். எனக்கு ஒன்பது வயது. திருகோணமலை என்றால் கடல், கடல் என்றால் சங்கு, சிப்பி என்று கணக்குப் போட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டேன். வந்தது ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரேஞ் பார்லி போத்தல். இன்னொன்று. இன்னொன்று. மொத்தம் நாலு. நாலிலும் தண்ணீர்.

"சங்கு எங்கை?" என்று கேட்டேன். அப்பா காதில் வாங்கவில்லை. "மாமி, தண்ணி கொண்டந்திருக்கிறன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

போத்தல்களில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கடதாசித் துண்டுகள் இருந்தன. அப்பா எழுதுவினைஞர், கச்சேரிக் கோப்புக்கு எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில் உவர்மலை, உப்புவெளி, சாம்பல்தீவு, பாலையூற்று என்று எழுதியிருந்தார். நாலாவது போத்தலில் மட்டும் கடதாசி கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. அதன் காரணம் தெரிய எனக்கு எட்டரை வருடம் பிடித்தது.

ஏன் கொழும்பை விட்டுப் போகிறோம் என்று வீட்டில் யாரும் எனக்கு விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு இரவுகள் அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் படுத்திருந்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா அலுமாரியைத் திறந்து உடுப்புகளை மடித்து அடுக்கத் தொடங்கினா. எங்கே போவது என்று முடிவாகாமலே அடுக்கினா. அப்பா மாற்றத்துக்கு எழுதிப் போட்டார். திருகோணமலைக்குக் கிடைத்தது. அது யாழ்ப்பாணமும் அல்ல, மட்டக்களப்பும் அல்ல, எங்களுக்குச் சொந்த வீடு உள்ள ஊரும் அல்ல. அம்மம்மாவின் பிறந்த ஊரான தம்பலகாமம் அந்த மாவட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான். அங்கேயே போகலாமே என்றால், பட்டினத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அங்கிருந்து தினமும் போய்வர முடியாது. கச்சேரிக்கும் அப்படித்தான்.

ஆகவே கேள்வி இதுதான்: திருகோணமலைக்குள் எந்தப் பக்கம்?

பட்டினத்துக்குள் என்று அக்கா அடித்துச் சொன்னா. அவவுக்குப் பதின்மூன்று வயது. சவோய் தியேட்டருக்கு நடந்து போகும் தூரத்தில் வளர்ந்தவ. நெல்சன் தியேட்டர் பட்டினத்துக்குள் இருக்கிறதாம், ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியும் அங்கேதானாம், பிறகு எதற்கு வெளியில் போய்க் குடியிருக்க வேண்டும் என்பது அவவின் வாதம். அம்மாவுக்குக் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், சத்தம் போட்டால் கேட்கும் தூரத்தில் நம்மட சனம் இருக்க வேண்டும். எனக்குக் கடல் வேண்டும். வெள்ளவத்தையில் ஒழுங்கையின் கடைசியில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். கடலில்லாத ஊரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பா தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது யோசித்தால், வாடகை என்ற சொல்லை அந்த நாள்களில் அவர் ஒருமுறைகூட எங்கள் முன்னால் உச்சரிக்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

அம்மம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "கிணத்துத் தண்ணி எப்பிடி?"

கொழும்புக் குழாய்த் தண்ணீரை அவ ஏழு வருடம் குடித்தா, ஏழு வருடமும் திட்டிக்கொண்டே குடித்தா. "இரும்புக் குழாயை நக்கின மாதிரி" என்பா. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது பட்டினத்துச் சொந்தக்காரர்கள் பெட்டி படுக்கையோடு தம்பலகாமத்து வீட்டுக்கு ஓடி வந்த கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறா. வந்தவர்கள் படலையைத் தாண்டியதும் குண்டைப் பற்றிச் சொல்லவில்லையாம். குடிக்கத் தண்ணி கேட்டார்களாம். "ஊர் மாறிற சனம் முதல் கேக்கிறது தண்ணிதான். மிச்சமெல்லாம் பிறகு" என்பா.

அப்பா போன கடிதத்தில் நாலு இடங்களின் பெயர்களையும் எழுதியிருந்தார். அக்கா அதை உரத்து வாசித்தபோது அம்மம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா. வெட்டுவதை நிறுத்திவிட்டு, "திருப்பி வாசி பிள்ளை" என்றா. அக்கா திருப்பி வாசித்தா.

"உவர். உப்பு. சாம்பல். இதுக்குள்ளை ஊத்து எண்டு ஒண்டு கிடக்கு. பிறகென்ன யோசினை?"

அம்மாவுக்குச் சிரிப்பு. "பேரை வைச்சு ஊர் பாக்கிறதே அம்மா?"

"பேர் ஒண்டும் சும்மா வாறேல்லை."

இந்த விஷயத்தில் அம்மம்மாவுக்கு எதிராகச் சொல்ல எனக்குப் பிற்காலத்தில் நிறையக் கிடைத்தது. உவர்மலைக்கும் உவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலேயர் ஓர்ஸ் ஹில் என்று வைத்த பெயர் நம்மவர் வாயில் புரண்டு உவர்மலை ஆகியிருக்கிறது. சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்து மணலில் வெட்டிய கிணறுகளில் இறைத்து வெங்காயம் விளைவிக்கிறார்கள். உவர்த் தண்ணீரில் அது நடக்காது. ஆனால் 1977 இல் இதை எடுத்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் அவ பாக்கு வெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிருப்பா.

அப்பாவின் கணக்கு வேறு. பெயரைப் பார்க்கவேண்டாம், தண்ணீரையே கொண்டுவருகிறேன் என்று பதில் எழுதினார். கூட்டாளி ஒருவரிடம் சைக்கிள் இரவல் வாங்கி, வாடைக்காற்று மழையில் நாலு இடமும் போய், பார்த்த வீடு ஒவ்வொன்றிலும் ஒரு வாளி அள்ளிப் போத்தலில் பிடித்திருக்கிறார்.

அன்று காலை குசினியில் நடந்ததைப் போன்ற ஒரு சடங்கை அதற்குப் பிறகு நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. அம்மா மண்ணெண்ணெய்க் குக்கரைப் பற்றவைத்தா. ஒரு போத்தல் தண்ணீரைக் கேத்திலில் ஊற்றிக் கொதிக்க வைத்து, ஒரே கரண்டியால் அளந்து தேயிலை போட்டு, சீனி போடாமல் ஒரு பேணியில் வடித்தா. கேத்திலைக் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த போத்தல். நாலு பேணிகளும் பலகையில் வரிசையாக நின்றன. ஒவ்வொரு போத்தலிலும் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தா; அதைக் கிண்ணத்தில் ஊற்றி நான் சன்லைட் சவர்க்காரத் துண்டை உரசிப் பார்க்க வேண்டும். அது எனக்குத் தரப்பட்ட உத்தியோகம்.

உப்புவெளித் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவே இல்லை. வெள்ளைத் திரி திரியாகத் திரைந்து மிதந்தது. தேத்தண்ணி கறுத்துப்போய், மேலே எண்ணெய் படர்ந்தாற்போல ஓர் ஆடை. உவர்மலைத் தண்ணீரில் கொஞ்சம் நுரை வந்தது. தேத்தண்ணியில் நிறம் இருந்தது, வாசம் இல்லை. சாம்பல்தீவு பரவாயில்லை. அப்பாவே "இது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாததைச் சொன்னவர்போல வாயைத் துடைத்தார். சாம்பல்தீவுக்காரரும் உப்புவெளிக்காரரும் என்னை மன்னிக்க வேண்டும். ஒரு வளவில் ஒரு கிணற்றில் பிடித்த ஒரு போத்தலை வைத்து ஒரு ஊரைத் தீர்மானிக்க முடியாது. கடற்கரை மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய பாய்போல மிதக்கிறது. ஒரு கிணறு தித்திக்க, வேலிக்கு அடுத்த பக்கத்துக் கிணறு கரிக்கும்.

கடைசியாகப் பாலையூற்று. சவர்க்காரத்தை உரசினேன், நுரை பொங்கிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டியது. பேணியில் தேத்தண்ணி செம்பொன்னாக நின்றது. அப்பா அம்மம்மாவைப் பார்த்தார். அம்மம்மா பேணியை எடுத்து அண்ணாந்து ஒரு மிடறு ஊற்றிக் கண்ணை மூடினா. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தா. பிறகு மிச்சத்தையும் குடித்தா. மற்ற மூன்று பேணியிலும் ஒரு மிடறுக்கு மேல் அவ குடிக்கவில்லை.

"பாலையூத்துக்கே போவம்" என்றா.

அக்கா அழுதா. முடிவு மாறவில்லை.

1978 தைப்பொங்கல் முடிந்து போனோம். சாமான்கள் லொறியில் முன்னால் போய்விட, நாங்கள் கோட்டை ஸ்ரேஷனில் இரவு மெயில் ஏறினோம். நடுச்சாமத்துக்குப் பிறகு கல்லோயாச் சந்தியில் வண்டியைப் பிரித்தார்கள். மட்டக்களப்புப் பெட்டிகள் ஒரு பக்கம், எங்கள் பெட்டிகள் மறுபக்கம். இருட்டில் இரும்பு இடிபடும் சத்தத்துக்கு எழும்பியவன் பிறகு நித்திரை கொள்ளவில்லை. விடியும் நேரம் கந்தளாய். அம்மம்மா யன்னல் கண்ணாடியை மேலே தள்ளி முகத்தை வெளியே நீட்டினா. "மணக்குது பார், குளம்" என்றா. எனக்கு எஞ்சின் புகையும் ஈரப்புல்லும்தான் மணத்தன. தம்பலகாமம் வந்தபோது எழுந்து நின்று, கோணேசர் கோயில் இருக்கும் திசையைக் கேட்டுக் கும்பிட்டா. குளக்கோட்டு மன்னன் கோயிலையும் கட்டி, அதன் வயலுக்குக் கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்பது அந்த ஊராரின் நம்பிக்கை. தம்பலகாமத்து வயலுக்குப் பாய்வது அந்தக் குளத்துத் தண்ணீர் என்பது நம்பிக்கை அல்ல, நேரில் காணலாம். பிறகு சீனன்குடா, காட்டுக்குள் வரிசையாக எண்ணெய்க் குதங்கள். வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போனவை. நான் எண்ணத் தொடங்கினேன், எண்ணி முடிவதற்குள் பட்டினம் வந்துவிட்டது.

வீடு சின்னது. ஓட்டுக்கூரை, முன்னால் விறாந்தை, பின்னால் கிடுகால் மறைத்த குசினி. ஆனால் வளவு பெரியது. வெள்ளவத்தையில் முற்றம் என்பது சைக்கிள் நிறுத்தும் சீமெந்துத் துண்டு. இங்கே படலையிலிருந்து வீட்டுக்கு ஓடினால் மூச்சு வாங்கியது. மேற்கு மூலையில் ஒரு பாலை மரம். அதன் அடியில் நாலு பேர் கைகோர்த்து நின்றாலும் சுற்றிப் பிடிக்க முடியாது என்று அயல் பெடியன்கள் சொன்னார்கள். பரிசோதித்தோம், மூன்று பேரே போதுமாக இருந்தது. பாலை வைரம் பாய்ந்த மரம். தண்டவாளத்துக்குக் கீழே போடும் சிலிப்பர் கட்டைகளுக்கு அதைத்தான் தறித்தார்களாம். அப்படியானால் நாங்கள் வந்த வண்டி பாலை மரத்தின் மேலேயே பாலையூற்றுக்கு வந்திருக்கிறது என்று அப்பா சொன்னார். அன்று அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

ஊரின் பெயரில் உள்ள மரம் கிடைத்துவிட்டது. ஊற்று எங்கே? எனக்கு அது பெரிய விசாரணையாகப் போயிற்று. வந்த கிழமையே தேடத் தொடங்கினேன். எதிர்வீட்டு ஆச்சி கிழக்கே கையைக் காட்டினா. அந்த இடத்தில் ஒரு பள்ளமும் நாலு ஆடும் இருந்தன. கடைக்கார மாமா, "முந்தி இருந்தது தம்பி, இப்ப மூடிப்போச்சு" என்றார். எங்கே என்று கேட்டால், "முந்தி எண்டு சொன்னனே" என்றார். லூர்து மாதா கோயிலடியில் கேட்டால் தெரியும் என்று ஒரு பெடியன் சொன்னான். அங்கே இருந்த வயதான சகோதரி ஒருவர் எனக்குப் பிரான்ஸ் தேசத்து லூர்து என்ற ஊரின் கதையைச் சொன்னார்: 1858 இல் பேர்நதெத் என்ற ஏழைச் சிறுமி மாதாவின் காட்சி கண்டு கையால் மண்ணைத் தோண்டியதும், அங்கிருந்து ஊற்று கிளம்பியதும். கதை நன்றாக இருந்தது. ஆனால் நான் கேட்ட ஊற்று அதுவல்ல. அம்மம்மாவிடம் வந்து சொன்னேன். அவவுக்கு அந்தக் கதை அப்படியே பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்கும், மனம் வந்த நாளில் லூர்து மாதாவுக்கும் போய்வந்தா. "தண்ணி காட்டின தாய்" என்பது அவவின் ஒரே விளக்கம்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஒருநாள் ஐந்திணை நடத்தினார். பாலை என்றால் நீரற்ற நிலம் என்றார். நான் கையை உயர்த்தி, "சேர், நாங்கள் பாலையூத்திலை இருக்கிறம்" என்றேன். வகுப்புச் சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "அப்ப நீ இருக்கிறது தொல்காப்பியர் காணாத திணை" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடம் இந்துக் கல்லூரி, விபுலாநந்த அடிகளின் கை பட்ட இடம். காலையில் அப்பாவின் றலி சைக்கிளில் முன் பாரில் நான், பின் கரியரில் அக்கா. கண்டி வீதி வழியே அநுராதபுரச் சந்தி வரை அப்பா மிதிப்பார். சந்தியில் அக்கா சிநேகிதிகளோடு சேர்ந்து பஸ் ஏறிவிடுவா. கரியரில் இருந்து பட்டினத்துக்குள் போவதை அவவின் வயது ஒப்பவில்லை. வெள்ளவத்தையில் பெட்டிக்கடைக்குப் போவதுகூட அஞ்சு நிமிட வேலை. இங்கே எல்லாவற்றுக்கும் பட்டினம் போக வேண்டும், போனால் திரும்பி வரவேண்டும். பிரதேசத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயரே பட்டினமும் சூழலும். "அவையள் பட்டினம், நாங்கள் சூழல்" என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லுவா. ஆறு மாதத்தில் அவவின் சத்தம் அடங்கியது. விறாந்தையில் தனக்கென்று ஒரு மூலை, ஒரு மேசை, ஒரு யன்னல் கிடைத்ததுதான் காரணம். வெள்ளவத்தை அனெக்ஸில் அவ என்னோடும் அம்மம்மாவோடும் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவ.

ஆடி மாதம் பாலைப்பழம் விழுந்தது. மஞ்சளாக, வேப்பம்பழம் அளவில், தேன்போல. விடியும் முன்னர் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். பிந்தினால் குரங்கு முந்திவிடும். பத்துப் பழம் தின்றதும் அதன் பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க வராது. முதல்நாள் நான் பயந்துபோய் மூக்கால் அழுதேன். அம்மம்மா தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு என் உதட்டைத் தேய்த்துவிட்டு, "இனி அளவாத் தின்" என்றா. அளவாகத் தின்றதாக ஞாபகம் இல்லை.

பழத்தோடு கச்சான் காற்றும் வந்தது. தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டி, ஈரத்தை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் சூடாக எங்களிடம் வரும் காற்று. திருகோணமலைக்கு மழை என்றால் ஐப்பசி முதல் தை வரைதான். நாங்கள் வந்தது அதன் வாலில். அப்போது கிணற்றில் எட்டிக் கையால் அள்ளலாம் போலத் தண்ணீர் நின்றது. ஆவணியில் கயிறு முழுவதும் ஓடி முடிந்து, வாளி அடியில் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. நிறமும் மாறியது. ருசி மாறியதுதான் பெரிய பிரச்சினை. அம்மா தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு, "லேசாச் சவர்க்குது" என்றா. பருப்பு அவிய ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தது. சட்டைக் கழுத்தில் சவர்க்காரம் நுரைக்கவில்லை.

"அந்தப் போத்தல் தண்ணி இப்பிடி இருக்கேல்லையே" என்று அம்மா அப்பாவைப் பார்த்தா.

"அது மாரித் தண்ணி. இது கோடைத் தண்ணி. வித்தியாசம் இருக்கும்தானே" என்றார் அப்பா, பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல்.

அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிசயம். குழாய்த் தண்ணீரை ஏழு வருடம் திட்டியவ, கிணற்றை ஒரு சொல் சொல்லவில்லை. "கிணறு இறைச்சுக் கனகாலம் போலை. இறைச்சுச் சேறு எடுத்தாச் சரிவரும்" என்றா.

அயலில் மூன்று பேர் வந்தார்கள். விடியப்புறம் தொடங்கிக் கப்பியில் இரண்டு வாளி மாறி மாறி ஏறியது. இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழையடிக்குப் போயிற்று. அதில் நான் கப்பல் விட்டேன். பத்து மணிக்கு அடி தெரிந்தது. ஒருவர் கயிற்றில் இறங்கிச் சேற்றை அள்ளிக் கடகத்தில் அனுப்பினார். சேற்றோடு வந்தவை: நசுங்கிய செம்பு ஒன்று, துருவேறிய திறப்பு, யாரோ ஒரு பிள்ளையின் கண்ணாடிப் போளைகள் ஏழு, ஒரு கரண்டி. திறப்பை அம்மா கழுவி வீட்டிலுள்ள பூட்டுகள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தா. ஒன்றும் திறக்கவில்லை. போளைகளை நான் எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, ஊத்துத் தேடித் திரிஞ்சனியெல்லோ, வா" என்று கீழே இருந்தவர் கூப்பிட்டார். அம்மா வேண்டாம் என்றா. அம்மம்மா, "போகட்டும், ஆம்பிளைப் பிள்ளை" என்றா. இடுப்பில் கயிற்றைச் சுற்றி, கடகத்தில் காலை வைத்து இறங்கினேன். மேலே இருந்த கச்சான் வெக்கை பாதிக் கிணற்றோடு நின்றுவிட்டது. கல்லுக் கட்டு முடிந்த இடத்தில் மண் தொடங்கியது; அதில் விரல் தடிப்பில் வேர்கள், பாலை மரத்து வேராக இருக்கலாம், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தன. அடியில் என் முழங்கால் வரை குளிர்ந்த சேறு. ஒரு பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அளவில் ஒரு குழி. அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பீறிட்டு அல்ல, யாரோ உள்ளே இருந்து மெதுவாக வாய் கொப்பளிப்பதுபோல. வெள்ளை மணல் துளிகள் அந்தக் குழியின் வாயில் எழும்புவதும் விழுவதுமாக ஆடிக்கொண்டிருந்தன. அவர் என் கையைப் பிடித்து அதில் வைத்தார். பனிக்கட்டியைத் தொட்டதுபோல இருந்தது.

"இதுதான் ஊத்துக்கண். கோடை முழுக்க உங்கட வீட்டை வைச்சிருக்கிறது இந்தக் குண்டுதான்."

மேலே பார்த்தேன். வானம் ஒரு தாம்பாளத்தட்டு அளவில் இருந்தது. அதன் விளிம்பில் அம்மம்மாவின் தலை.

சேறு எடுத்த பிறகும் சவர் முழுவதும் போகவில்லை. பழகிவிட்டோம்.

பல வருடங்களுக்குப் பிறகு டொரொன்டோவில் என் மச்சான் ஒருவர் ஸ்காபரோவில் இருந்து மார்க்கமா, ஏஜாக்ஸா என்று ஒரு வருடமாக வீடு பார்த்தார். பள்ளிக்கூடங்களின் தர வரிசை, நெடுஞ்சாலைக்கு எத்தனை நிமிடம், கோயில் எத்தனை நிமிடம், தமிழ்க் கடை எத்தனை நிமிடம் என்று கணினியில் அட்டவணை போட்டு வைத்திருந்தார். எல்லாம் சரி, கடைசியில் எதை வாங்கினீர்கள் என்று கேட்டேன். வங்கி எவ்வளவு கடன் தந்ததோ அதற்குள் வந்த வீட்டை என்றார். அப்பாவின் நினைவு வந்து போனில் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டார்.

பாதுகாப்பைத் தேடித்தான் கொழும்பை விட்டோம். 1983 இல் கொழும்பு எரிவதற்கு முந்தின மாதமே திருகோணமலை எரியத் தொடங்கிவிட்டது. அந்தக் கதையை இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் வானொலியைச் செய்திக்காகத் திறப்பதும், செய்திக்குப் பயந்து மூடுவதுமாக இருந்தோம் என்பது மட்டும் போதும்.

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. அயலவர் ஒருவர் படலையடியில் நின்று சொன்னார்: "கந்தளாய்க் குளம் உடைச்சிட்டுதாம்." இருட்டோடு குளக்கட்டு வெடித்து, நித்திரையில் இருந்த சனத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அம்மம்மா விறாந்தையில் வெற்றிலைத் தட்டத்தோடு இருந்தா. அன்று அவ வெற்றிலை போடவில்லை. தம்பலகாமத்துப் பக்கம் சொந்தத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று பின்னேரம் தகவல் வந்தது. அதற்குப் பிறகும் பேசவில்லை. விளக்கு வைத்து, சாப்பாடு முடிந்து, அப்பா கதிரையில் சாய்ந்த பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டா.

"மருமோன், அண்டைக்குப் போத்தலிலை கொண்டந்தது எங்கட குளத்துத் தண்ணி தானே?"

அப்பா நிமிர்ந்து இருந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஓம் மாமி" என்றார்.

தம்பலகாமம் தாண்டியதும் யாரோ ஒருவர் மேல் தட்டிலிருந்து சாக்கு மூட்டையை இழுத்திருக்கிறார். அது சரிந்து பன்பை மேல் விழுந்து, நாலில் ஒன்று உடைந்துவிட்டது. உடைந்தது பாலையூற்றுப் போத்தல். வண்டி கந்தளாயில் நின்றபோது அப்பா இறங்கி, ஸ்ரேஷன் கடையில் வெறும் போத்தல் ஒன்று வாங்கி, கடைக்காரனின் அண்டாவில் இருந்த தண்ணீரைப் பிடித்திருக்கிறார். உடைந்த போத்தலில் இருந்து கடதாசியை உரித்தெடுத்து இருட்டில் ஒட்டினார். அதுதான் அந்தக் கோணல்.

"உடைஞ்சது உடைஞ்சதெண்டு சொல்லியிருக்கலாமே" என்றா அம்மா.

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மம்மாதான் சொன்னா.

"அவர் என்னெண்டு சொல்லுவார்? பாலையூத்து வீட்டுக்கு மூண்டு மாச அட்வான்ஸ் கட்டிப்போட்டெல்லோ வந்தவர். அண்டு சேட்டுத் தோய்க்கேக்கை பொக்கற்றுக்குள்ளை ரிசீற்று நனைஞ்சு கிடந்தது. நான்தான் காயவைச்சுத் திருப்பி வைச்சனான்."

உவர்மலையில் கேட்ட வாடகையில் பாதிதான் பாலையூற்றில். பட்டினத்துக்குள் கேட்கவே அப்பாவுக்குத் துணிவு வரவில்லையாம். மற்ற மூன்று போத்தலும் எங்களுக்காகப் பிடித்தவை. தீர்மானம் அந்த ரிசீற்றில் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. அம்மம்மா சட்டையைத் தோய்த்தது தேத்தண்ணிக்கு முன்னரா பின்னரா என்று அக்கா கேட்டா.

"அதேன் உனக்கு?" என்றா அம்மம்மா. "தண்ணி எங்கட தண்ணி. வாயிலை வைச்ச உடனை தெரிஞ்சிட்டுது. பிறந்ததிலை இருந்து குடிச்ச தண்ணியை எனக்குத் தெரியாதே?" கொஞ்சம் பொறுத்து, "வேறை ஊரைச் சொல்லியிருந்தா அட்வான்ஸ் காசை ஆர் திருப்பித் தாறது?" என்றா.

அப்பா சிரித்தார். அந்த நாளில், அந்தச் செய்திக்குப் பிறகு, சிரிக்கக் கூடாதுதான்.

அடுத்த வருடம் அம்மம்மா போய்ச் சேர்ந்தா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் நிலத்தைக் குத்த எழுந்தவை என்று சொல்லப்படும் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டில். அப்பா ஏழிலும் வாளி போட்டு அள்ளி என் தலையில் ஊற்றினார். அம்மம்மா உயிரோடிருந்தால் ஏழையும் ருசி பார்த்திருப்பா என்று அக்கா சொன்னா.

எங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் பலர் இருந்து போனார்கள். சில வருடங்களுக்கு முன்னர் போய்ப் பார்த்தேன். வளவை நாலாகப் பிரித்து நாலு வீடு எழும்பியிருக்கிறது. பாலை மரம் இல்லை. கிணறு இருக்கிறது; வாயில் கம்பி வலை போட்டு, மேலே துளசிச் சாடி வைத்திருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன், கறுப்பாக ஒரு வட்டம் மினுங்கியது. "அது இப்ப பாவிக்கிறேல்லை அண்ணை, பைப் வந்திட்டுது" என்றா வீட்டுக்காரப் பிள்ளை. இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று வற்புறுத்திக் கேத்திலைக் குழாய்க்குக் கீழே பிடித்தா.

திருகோணமலைப் பட்டினத்துக்கும் சூழலுக்கும் இப்போது குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்.